குழந்தை முன்னால் தமிழ் பேசாதீர்கள்

குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் என் தொழிலில் குழந்தைகளால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. கூட வருகிற பெரியவர்கள்தான் பிராணனை வாங்குகிறார்கள். அங்கன்வாடியிலும் பிளேஸ்கூலிலும் மாரடிக்கிற அன்பர்களே, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

பல் முளைக்கட்டும்

சரவணம்பட்டியிலிருந்து ஒரு தம்பதி ஒன்பது மாதக் கைக்குழந்தையோடு வந்தார்கள். காது பிரமாதம், மழலையும் ஜோராக வருகிறது, கவலையே வேண்டாம் என்றேன். குறை ஒன்றுமில்லை என்றதும் அப்பாவின் முகம் வாடிவிட்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போக அவருக்கு மனசில்லை.

"அப்படீன்னா அமெரிக்கா இங்கிலீஷ் இப்பவே ஆரம்பிச்சரலாமுங்களா, இல்ல பல்லு மொளைக்கோணுமுங்களா?" என்றார்.

சம்பளத்துக்கு மௌனம்

அடுத்து வந்த ரேவதியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் ஆதிராவுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. "ஒரு தடவ கூட என்னைய அம்மான்னு கூப்புடலீங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். காதைச் சோதித்தேன், பழுதில்லை. பிறகு வீட்டு நடப்பை விசாரித்தேன்.

ரேவதியின் கணவர் செந்தில் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார். பிள்ளையிடம் இங்கிலீஷ் மட்டும்தான் பேச வேண்டும். அவர்களுக்கு வந்த இங்கிலீஷோ 'கம் பேபி, சிட் பேபி, ஈட் பேபி'. எங்கள் எதிர்வீட்டில் ஒரு நாய் இருக்கிறது, அதற்கும் இதே பாடத்திட்டம்தான். இதற்கு மேல் பிள்ளை பேச என்ன இருக்கிறது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குழந்தையைத் தூக்கி வந்திருந்த சமையல்காரர் சரசக்கா காரமடைக்காரர். அவர் பேச்சு பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவருக்கும் வாய்ப்பூட்டு. நான் கேட்டதும் வராந்தாவில் வைத்துக் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"பேசாம இருக்கறதுக்குத்தானுங்க எனக்குச் சம்பளம். சமையலு சும்மா சேத்தி."

செவலை கன்று போட்டது

இரண்டாம் தடவை வந்தபோது ஆதிரா தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ரேவதி 'லுக் பேபி' என்று பத்துத் தரம் சொல்லியும் திரும்பவில்லை. அந்த நேரம் காங்கேயத்திலிருந்து ரேவதியின் அண்ணன் போன் செய்தார். "சொல்லுங்ணா! செவலை கன்னு போட்டிருச்சுங்ளா? காளையா, கெடாரியா?" என்று ரேவதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கட்டையைப் போட்டுவிட்டு ஆதிரா எழுந்து வந்தாள். அம்மாவின் மடியில் ஏறி, வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வயிற்றில் இருந்தபோதே கேட்ட ராகம் இல்லையா அது? போன் முடிந்ததும் இறங்கிப் போய்விட்டாள். ரேவதிக்கு அப்போதுதான் உறைத்தது.

"இத்தன நாளா நான் யாரோ மாதிரி பேசிட்டிருந்திருக்கேனுங்க" என்றாள்.

சட்டம் போட்டவர்

அன்றே செந்திலின் சட்டத்தை ரேவதி தூக்கிக் குப்பையில் போட்டாள். சரசக்காவின் பூட்டும் கழன்றது. வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கும் தவறாமல் வந்தார்கள். நான்காம் மாதம் ஒருநாள், பயிற்சி முடிந்து கிளம்பும்போது ரேவதி வாசலில் நின்று, "கண்ணு, வா சாமி, போலாம்" என்றாள். ஆதிரா பொம்மையை வைத்துவிட்டு, "வாரேம்மா" என்றாள்.

ரேவதி அங்கேயே உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். அன்றுதான் முதல்முதலாக வந்திருந்த செந்தில், மனைவி அழுது முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு என் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்க மேடம், பேச்சுத்தான் வந்துருச்சுங்களே, இந்தக் கோயமுத்தூர் வாடைய மட்டும் எப்படீங்க எடுக்கறது?"

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இதுதான்: பிள்ளையின் வாயைத் திறக்க வைத்துவிடலாம், அப்பன்மாரின் காதைத் திறக்க வைக்கிற படிப்பைத்தான் எந்தக் காலேஜிலும் இன்னும் ஆரம்பிக்கவில்லை.