முப்பத்திரண்டா, இருபத்திரண்டா

மூன்று போர்வெல் ரிக், கோழிப்பண்ணை, கல்யாண மண்டபம். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் சொந்தமாய் உண்டாக்கியவை இவை. லைசென்சோடு பாயிண்ட் முப்பத்திரண்டு ரிவால்வரும் உண்டு. தங்கை வீட்டுக்காரருடையது பாயிண்ட் இருபத்திரண்டு.

தேர்தலுக்காக இரண்டையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, என் ரிக் லாரியில் திரும்பினோம்.

"உங்க குண்டு காட்டுப்பன்னிக்குச் சொறிஞ்சு உடத்தான் ஆகுமுங்க மாப்ள. என்னோடது பெரிய குண்டு, பட்ட எடத்துலயே நிறுத்தும்" என்றேன்.

"பட்டாத்தானுங்க மச்சான். உங்க கை ஒதர்ற ஒதறலுக்கு அது பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிரும். என்னோடது சின்னது, குறி தப்பாது."

வழியில் என் மரவள்ளிக் காட்டில் நிஜமாகவே ஒரு பன்றி கிழங்கைத் தோண்டிக்கொண்டிருந்தது. இருவர் கையும் இடுப்புக்குப் போய் வெறுமனே திரும்பியது. நான்தான் ஏர் ஹாரனை அமுக்கினேன். பன்றி ஓடியது.

தன் அதட்டலுக்குத்தான் ஓடியதாக மாப்பிள்ளை ஊரெல்லாம் சொல்கிறார். விரட்டியது நான் என்று அடுத்த குடும்ப விருந்தில் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.