நாலு பேருக்கான பெட்டி

சப்-வூஃபர் ஸ்பீக்கருக்குப் பெட்டி வாங்கப் போன இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன்.

"வீட்ல எத்தனை பேர் சார்?" என்று கேட்டார் கடைக்காரர். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர்; பேச்சில் உருது கலக்கும். ஆட்களும் சோபாவும் நிறைந்த ஹால் என்றால் துளை வைத்த பெரிய பெட்டி போடலாம். காலி ஹாலுக்கு முழுக்க மூடிய சின்னப் பெட்டிதான் சரி. அதற்காகத்தான் கேட்டிருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது.

"நாலு பேர்," என்றேன். கச்சிபௌலியில் பதினான்காவது மாடியில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பெட்டியோடு அவரே வந்தார். பாட்டைப் போட்டதும் குடத்துக்குள் இடி இடிப்பது போல ஒரே உறுமல். பாட்டை நிறுத்திவிட்டு, நடு ஹாலில் நின்று ஒருமுறை கை தட்டினார். நாலு சுவரும் திருப்பித் தட்டின. அங்கிருந்த ஒற்றை பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார்.

"இது நக்கோ சார், வேணாம். சின்னது கொண்டாறேன்," என்றார். நாலு பேர் எங்கே என்று கேட்கவில்லை.

மறுவாரம் மூடிய பெட்டியை மாட்டினார். முதல் பாட்டிலேயே சத்தம் சுத்தமாக இருந்தது. "இன்னும் ஒண்ணு போடுங்க சார், டெஸ்ட் பண்ணணும்," என்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். அப்படியே ஆறு பாட்டு கேட்டோம்.

நேற்று அவருக்கு போன் செய்து, பெட்டி ஏதோ அதிர்கிறது என்றேன்.

"ஹவ் சார், சரி. ஞாயித்துக்கிழமை வரேன்," என்றார். என்ன அதிர்கிறது என்று கேட்கவில்லை.

பெட்டியில் ஒன்றும் அதிரவில்லை.