டேம்ப் பிடித்த சுவர்

காலை ஐந்து ஐம்பது. கண் விழித்ததும் சுவரைத்தான் பார்த்தேன். போன வாரம் உள்ளங்கை அளவே இருந்த பச்சைத் திட்டு ஜன்னலடியிலிருந்து கட்டில் வரை இறங்கியிருந்தது. விளிம்பில் செங்கல் நிறம். வங்காளத்துக்கு வந்து டாக்குரியாவில் குடியேறிய எங்களுக்கு அது இரண்டாவது மழைக்காலம்.

மனைவி பக்கத்தில் இல்லை. குளியலறையில் படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். வாளி தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முந்தைய கரு தங்கவில்லை என்பதால் அதை இரண்டு முறை சொல்லியிருந்தார்.

"நேத்துதான துவைச்ச?"

"இந்த ரூம்ல படுத்து எந்திரிச்சா துவைக்கணும். வேதத்துல இருக்கு."

எங்கள் தமிழ்ச் சபைப் பெண்கள் வேதாகமத்தை முதலிலிருந்து வாசித்து வந்தார்கள். வாசிப்பு லேவியராகமத்துக்கு வந்திருந்தது. வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமாகத் திட்டு விழுந்தால் அது குஷ்டதோஷமாக இருக்கலாம், ஆசாரியன், அதாவது குரு, வந்து பார்க்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதை வரப்பண்ணுகிறவர் கர்த்தரே என்றும் சொல்கிறது. அவள் வாசிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவை அழைத்து வந்து காட்டினேன். பெரியம்மா என்ற பொருளில் நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுகிறவர்.

"கிச்சு நா! டேம்ப்!" என்றார். ஒன்றுமில்லையாம், மழை ஈரம்தானாம். துர்கா பூஜைக்கு முன்னால் பூசித் தருவதாகச் சொன்னார். பிறகு வாளியைப் பார்த்தார். என்னை வங்க மொழியில் நன்றாகத் திட்டிவிட்டு இறங்கிப் போனார்.

"அவங்களுக்கு டேம்ப்," என்றாள் மனைவி. "எனக்கு அப்படித் தோணலயே. இந்த ரூம்ல தொட்டில் போட மாட்டேன்."

"நமக்கு வேற ரூம் ஏது?"

"அதான எனக்கும் தெரியல."

ஐயரை வரச் சொன்னேன். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள், சபைக் குருவை அப்படித்தான் அழைப்போம். ஞாயிறு ஆராதனை முடிந்து வருவதாகச் சொன்னார்.

அவர் வருவதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றாள். கட்டிலைக் கழற்றினேன். மெத்தை, துணி அலமாரி, மேசை விசிறி எல்லாம் ஹாலுக்குப் போயின. பிள்ளைக்கு வாங்கிய சட்டைகள் இருந்த பையை மட்டும் அவளே எடுத்து வந்தாள்.

"இதெல்லாம் எதுக்கு?"

"ஆசாரியன் பாக்கறதுக்கு முன்னாடி சாமானை வெளிய எடுத்துறச் சொல்லியிருக்கு. உள்ள இருந்தா அதுவும் தீட்டாயிரும்." பையை மெத்தை மேல் வைத்தாள். "சட்டி பானையக்கூட கர்த்தர் தப்பிக்க விட்டிருக்காரு, பாத்தீங்களா?"

நானும் அந்த அதிகாரத்தைப் படித்திருந்தேன். பிழை தேடிப் படிப்பது என் தொழில். அந்த வரி என் கண்ணில் படவில்லை.

ஐயர் வந்தார். ஹாலில் குவிந்திருந்த சாமான்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து அறைக்குள் போனார். சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சுண்ணாம்பு பொலபொலவென உதிர்ந்தது.

"ஏம்மா, இதுக்கா வீட்டையே காலி பண்ணி வச்சிருக்க? என் தலமாட்டுல இதவிடப் பெருசு இருக்கு. அப்ப என் வீட்ட எந்த ஆசாரியன் வந்து பாக்கணும்?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. "போன பிள்ளையும் என்னாலதானோன்னு..."

"இல்லம்மா," என்றார் அவர். வேடிக்கைப் பேச்சு போய்விட்டது. "இல்லவே இல்ல."

பிறகு சொன்னார்: "குஷ்டரோகிய ஆண்டவர் தூரத்துல நின்னே சுகமாக்கியிருக்கலாம். கைய நீட்டித் தொட்டாரு. தொட்டவருக்குத் தீட்டு ஒட்டல. அவன்தான் சுத்தமானான்."

சுவரைத் தொட்ட அதே கையை அவள் தலையில் வைத்து ஜெபித்தார். சிறிய ஜெபம். கை எடுத்தபோது அவள் வகிட்டில் சுண்ணாம்புத் தூள் இருந்தது. துடைக்கப் போன என் கையை அவள் விலக்கிவிட்டாள்.

சாயங்காலம் கட்டிலை மறுபடி பூட்டினேன். டேம்ப் இல்லாத சுவரோரம் தொட்டிலுக்கு இடம் விடச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை குளியலறை வாளி காய்ந்து கிடந்தது.