அஸ்காவும் சர்க்கரைதான்

முதலில் வந்தது தாகம். எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருடக் கோடை. ஆரணி வெயிலில் தாகம் எடுப்பதெல்லாம் ஒரு செய்தியா? தறியை விட்டு எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தேன். குடித்ததைவிட அதிகமாகக் கொல்லைப்பக்கம் ஓடினேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பட்டு நெய்கிற வீடு. ஒரு தறியில் என் வீட்டுக்காரர், இன்னொன்றில் நான்.

டாக்டர் என் சிறுநீரை ஏதோ நீல மருந்தில் கலந்து காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் நின்றது. சாயம் பார்த்துப் பழகிய கண் எனக்கு. அது நல்ல நிறமில்லை என்று அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நீரிழிவு (ரத்தத்தில் சர்க்கரை கூடிப்போகும் நோய்) என்றார். மாத்திரை எழுதினார்.

"சர்க்கரையை அடியோட நிறுத்திடணும்மா. புரியுதா?"

"புரியுதுங்க" என்றேன்.

என்ன புரிந்தது? எங்கள் பக்கத்தில் சக்கரை என்றால் பழுப்பாக இருக்குமே, அந்த வெல்லச் சக்கரை. பொங்கலுக்குப் போடுவது. ரேஷனில் வெள்ளையாக அளந்து போடுவதற்குப் பெயர் அஸ்கா. காபிக்கு அஸ்கா, லட்டுக்கு அஸ்கா. வெளியூரிலிருந்து வந்த டாக்டருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியாது.

சக்கரையை நிறுத்தினேன். சும்மா இல்லை, வயிறெரிய நிறுத்தினேன். கடலை உருண்டை போயிற்று, சக்கரைப் பொங்கல் போயிற்று. தீபாவளிக்கு அதிரசம் சுட்டு ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மாவு ஒட்டிய விரலைக்கூட நக்காமல் கழுவினேன். மிச்சம் இருந்தது அஸ்காவில் செய்கிற பஞ்சு மிட்டாய்.

பஞ்சு மிட்டாய் என்றால் எனக்கு உயிர். பிள்ளை பெற்றவள் தின்னக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? சாயங்காலம் கண்ணாடிப் பெட்டிக்காரர் மணி அடித்துக்கொண்டு தெருவுக்குள் வருவார். "பாப்பாவுக்கு" என்று சொல்லி வாங்குவேன். என் மகள் இரண்டு வாய் தின்னும். மீதியை அடுப்படியில் நின்று நான் தின்பேன். நாக்கில் வைத்ததும் காணாமல் போகும். கடைசியில் நறநறவென்று கொஞ்சம் அஸ்கா நிற்கும். பகலெல்லாம் தறியில் மிதித்த அலுப்பு அந்த ஒரு நிமிடம் இருக்காது. மாத்திரையும் போட்டேன், அதையும் தின்றேன்.

ஒரு வருடம் போயிருக்கும். தறியில் இருந்தபோது என் வீட்டுக்காரர் கத்தினார்.

"இன்னாடி இது, தறிக்குழியெல்லாம் ரத்தமா கீது! கால்ல ஆணி ஏறிக்கினு இருக்குது, உனுக்குத் தெர்லயா?"

தெரியவில்லை. மிதிகட்டையிலிருந்து கிளம்பிய ஆணி வலது பெருவிரலில் ஏறியிருந்தது. நான் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தேன். நரம்பு மரத்துப்போயிருந்தது (சர்க்கரை கூடினால் காலுக்கு வலி தெரியாமல் போகும்).

புண் ஆறவில்லை, கறுத்தது. வெளியூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கால் போனால் தறி போச்சு. தறி போனால் நான் எதற்கு? வராந்தாக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதையேதான் நினைத்தேன்.

"சர்க்கரை சாப்பிட்டீங்களா?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

"ஒரு வருசமா கையால தொடலைங்க."

"பொய் சொல்லாதீங்கம்மா."

என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது பொய் பேசாதுங்க. சக்கரை பக்கமே போறதில்ல. பஞ்சு மிட்டாய்தான் துன்னும். அது அஸ்காதானேங்க?"

டாக்டர் விழித்தார். பிறகு சிரித்தார். மறுநாள் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிவந்து என் கட்டிலைச் சுற்றி நிறுத்தி, "இந்தம்மா சர்க்கரையை விட்டுட்டாங்க, அஸ்காவை விடலை" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிங்க. எங்க ஊர்க் கடையில வந்து அஸ்கான்னு கேட்டாத்தான் குடுப்பான். எங்க ஊர்ல இதுக்கு இன்னா பேருன்னு யாராச்சும் என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பெருவிரலையும் அதற்கடுத்ததையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. "பாதம் தப்பிச்சுதே, அதுவே பெரிசு" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள், கையில் கிரீம் பிஸ்கட்டோடு.

இப்போது இன்சுலின் (சர்க்கரையை இறக்கும் ஊசி மருந்து) போட்டுக்கொள்கிறேன். கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து நானே குத்திக்கொள்வேன். விடிந்தால் ஊசி, அந்தி சாய்ந்தால் ஊசி. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் எனக்கு நாள். தறியில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன், செருப்போடு. சாமி மாதிரி கும்பிடுகிற தறியில் செருப்பா என்று மாமியார் முகத்தைச் சுளித்தார். "ரெண்டு வெரலு குடுங்க அத்தே, கழட்டிட்றேன்" என்றேன்.

இந்த நோய் வந்துவிட்டது என்று வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அஸ்காவும் சர்க்கரைதான். டாக்டர் எந்தப் பெயரைச் சொன்னாலும் உங்கள் வீட்டுப் பெயரில் திருப்பிக் கேளுங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பாப்பா தாவணி கட்டிவிட்டாள். அவளுக்குப் பஞ்சு மிட்டாய் எப்போதுமே பிடித்ததில்லையாம், எனக்காகத்தான் அந்த இரண்டு வாயும் தின்றாளாம். பெட்டிக்காரர் இன்றும் வருகிறார். மணிச் சத்தம் கேட்டதும், வெட்டி எடுத்த பெருவிரல் அரிக்கிறது. ஆணி ஏறியபோது ஒரு வார்த்தை சொல்லாத விரல், இல்லாத இடத்தில் இருந்துகொண்டு பஞ்சு மிட்டாய் கேட்கிறது.