தட்டோடு போன திவ்யலட்சுமி

வலியசாலை அக்ரகாரத்தில் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், "எங்களை அழைக்கவே இல்லையே" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஆள் நேரில் வந்து, தட்டில் குங்குமம் வைத்து நீட்டினால்தான் அழைப்பு. திவ்யலட்சுமி இதில் படு கறார். ஒன்றுவிட்ட தங்கையின் கல்யாணத்துக்கே போகாதவள். அவளுக்கு வாய்த்த வேலையோ, ஒரு மென்பொருள் கம்பெனியில் சர்வர் கோளாறுகளை எழுதி ஆவணமாக்குவது. ஒப்பந்த வேலைதான். இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பு மெயில் வந்ததா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரவில்லை. சர்வர்களில் புதுப் பதிப்பு ஏற்றியதிலிருந்தே, ஆட்கள் அனுப்பும் மெயில் வந்தது, சர்வர் தானாக அனுப்பும் அறிவிப்பு மட்டும் யாருக்கும் வரவில்லை. முன்பெல்லாம் டிஸ்க் நிறைகிறது, பேக்அப் நின்றது என்று நச்சரிக்கும். இப்போது மூச்சுக் காட்டவில்லை. மலையாளி மேலாளர் ஸ்ரீகுமாருக்கு வாயெல்லாம் பல். ஒரு புகார்கூட இல்லை என்று கேக் வெட்டினார். பிணமும்தான் புகார் சொல்வதில்லை.

திவ்யலட்சுமிக்குச் சந்தேகம் வந்தது தன் பிறந்தநாளன்று. பெயரைத் தப்பாக எழுதியாவது வருஷம் தவறாமல் வாழ்த்தும் சர்வர் அன்று வாழ்த்தவில்லை. துருவிப் பார்த்தாள். சர்வரின் மெயில் போகும் வழியையே புதுப் பதிப்பு துடைத்துவிட்டிருந்தது. காரணம், சரிசெய்யும் முறை எல்லாம் எழுதி ஒப்புதலுக்கு ஏற்றினாள். ஸ்ரீகுமார் ஒப்புதல் தராமல் யாரும் சர்வரில் கைவைக்க முடியாது. ஏற்றியதும் சர்வரே அவருக்கு மெயில் அனுப்பும். எப்படி அனுப்பும்?

நேரில் போய்ச் சொன்னாள்.

"எனிக்கு சிஸ்டத்தின்டெ மெயில் வந்நில்லல்லோ, திவ்யா. வரட்டெ, நோக்காம்."

"அது வராதுன்னுதான் சார் எழுதியிருக்கேன்."

"ஆயிக்கோட்டெ. அதும் மெயிலில் வரட்டெ."

மறுநாள் பட்டுப்புடவையில் வந்தாள். வெள்ளித் தட்டில் குங்குமம், வெற்றிலை பாக்கு, ஆவணத்தின் அச்சுப்பிரதி. அலுவலகமே எழுந்து நின்று பார்த்தது.

"எந்தா இது, கல்யாணமோ?"

"டிஸ்க் நிறையப் போறது சார். அவசியம் வந்திருந்து நடத்திக்கொடுக்கணும்."

அத்தனை பேர் முன்னால் நீட்டிய தட்டை வேண்டாமென்று சொல்ல முடியுமா? வெற்றிலையை எடுத்துக்கொண்டு அங்கேயே ஒப்புதல் தந்தார்.

சாயங்காலம் சர்வரைச் சரிசெய்ததும், அடைபட்டுக் கிடந்த மெயில்கள் மடை திறந்தாற்போல் கொட்டின. டிஸ்க் நிறைகிறது. பேக்அப் நின்றது. 'அன்புள்ள திவ்யலக்ஷணா, பிறந்தநாள் வாழ்த்துகள்.' அடுத்தது மனிதவளப் பிரிவின் பெயரில் சர்வர் தானாக அனுப்பியது: 'தங்கள் ஒப்பந்தத்தை நீட்டிக்க விரும்புகிறோம். ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் தங்களுக்கு விருப்பமில்லை என்று கொள்வோம்.' வாரம் எப்போதோ முடிந்திருந்தது.

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பிரிவின் சுஜாவுக்கு போன் போட்டாள்.

"நம்மள் அறியிச்சதல்லே சேச்சி? மெயில் போயிட்டுண்டு. சேச்சியல்லே மறுபடி தராஞ்ஞது?" பதில் தராதது இவள் குற்றமாம்.

"என்னை நீங்க அழைக்கவே இல்லையேம்மா" என்றாள் திவ்யலட்சுமி.

தட்டில் குங்குமம் மிச்சமிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதைத் தூக்கிக்கொண்டு மனிதவளப் பிரிவுக்கு மாடியேறினாள்.