குழாய்க்காரர் ரத்தத்துல பால்

அடைப்பு எடுக்கிற குழாய்க்காரர் அவரு. ஓட்டல் சமையல்கட்டுல தண்ணி இறங்கலைன்னா இவரைத்தான் கூப்பிடுவாங்க. குழாயைக் கழட்டி, உள்ளே உறைஞ்ச கொழுப்பைச் சுரண்டிப் போட்டாலும் கிளம்ப மாட்டாரு. இது எங்க தேங்குச்சு, ஏன் தேங்குச்சுன்னு குடைஞ்சாகணும்.

அவருக்கே அடிக்கடி வயித்துல கத்தி சொருகின மாதிரி வலி. கணையம் வீங்கியிருக்குன்னாங்க. குடிகாரங்களுக்கு இப்படி வரும்னு வார்டுல யாரோ சொன்னதை மச்சான் கெட்டியா பிடிச்சுக்கிட்டாரு. பொண்டாட்டியோட அண்ணன், லாரி ஓட்டுறவரு. மாப்பிள்ளை திருட்டுத்தனமா குடிக்கிறாருன்னு தங்கச்சி காதுல ஓதிக்கிட்டே இருந்தாரு. இவரோ ஒரு சொட்டு தொட்டதில்லை. யாரு நம்புறா? இன்னொரு தடவை வலின்னு படுத்தா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்னு பொண்டாட்டி சொல்லிட்டா.

படுத்தாரு. மறுபடியும் ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க.

லேப்ல வழக்கமான பாட்டு: ரத்தம் கலங்கியிருக்கு, சாப்பிட்டுட்டு வந்திருக்கீங்க, கொட்டிடறோம், வெறும் வயித்தோட வாங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்லயே பட்டினி கிடந்த மனுஷனுக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. கொட்டாம கொண்டாந்து காட்டச் சொன்னாரு. கண்ணாடிக் குழல்ல அடியில சிவப்பு, மேல கெட்டிப் பால். பார்த்ததும் வலியே மறந்து போச்சு. வார்டுக்கு வந்த டாக்டரம்மாவைப் பிடிச்சுக்கிட்டாரு.

"இது கொழுப்புதானேம்மா? எங்க அடைப்பு?"

டாக்டரம்மா கட்டில் ஓரமா உட்கார்ந்து விளக்குனாங்க. ரத்தத்துல வர்ற கொழுப்பை உடைக்க ஒரு நொதி இருக்கு. அதுவா வேலை செய்யாது. கொழுப்பு உருண்டை மேல ஒட்டிக்கிட்டு, நொதியை முடுக்கிவிட ஒரு சின்னப் புரதம் வேணும். அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்ற மரபணு அப்பா வழியில ஒண்ணு, அம்மா வழியில ஒண்ணு வரும். ரெண்டுமே பழுதுன்னா புரதம் இல்லை; உடையாத கொழுப்பு ரத்தத்துல தேங்கி, குடிக்காதவங்களுக்கும் கணையத்தை வீங்க வைக்கும். இவருக்கு அப்படித்தான்னு சந்தேகப்பட்டாங்க.

"வேலையாள் ரெடி. தொடங்கச் சொல்ல மேஸ்திரி வரலை. அப்படித்தானே?"

அப்படியேதான்னு டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. நல்லா இருக்கிறவங்க ரத்தநீர்ல அந்தப் புரதம் இருக்கும், ஏத்திப் பார்ப்போம், பால் தெளிஞ்சா குறை அங்கதான்னாங்க. ரத்த வகை ஒத்துப்போனது யாருக்கு? மச்சானுக்கு. நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுப் போனாரு. எல்லார்கிட்டயும் கேக்கிற கேள்வியைத்தான் நர்ஸு கேட்டாங்க: குடிச்சிருக்கீங்களா? மச்சான் சுவரைப் பார்த்தாரு. தங்கச்சி பக்கத்துலயே நிக்கிறா.

"நேத்து... கொஞ்சம்."

நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. மறுநாள் வந்தாரு, கொடுத்தாரு.

ஏத்தின மறுநாள் எடுத்த ரத்தத்தைப் பொண்டாட்டியே ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா. பால் போயிடுச்சு. மேல இளமஞ்சளா தெளிஞ்ச நீர். குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

குழாய்க்காரருக்கு அடுத்த கேள்வி வந்துடுச்சு: மச்சானோட மேஸ்திரி எவ்வளவு நாளு தாங்குவான்? கொஞ்ச நாள்தான், அப்புறம் எண்ணெய், நெய், கொழுப்பு எல்லாத்தையும் ஒதுக்கணும்னாங்க டாக்டரம்மா.

பொண்டாட்டி அண்ணனைப் பார்த்துத் திரும்பினா.

"கேட்டீங்களாண்ணே? இனிமே எங்க வீட்டு அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஏறாது. சாப்பிட வர்றதா இருந்தா உங்களுக்கும் அதேதான்."