அட்டைப்படத்தில் என் தங்கையின் கன்னம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நான் யாரையும் கெஞ்சப்போவதில்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டுமா என்ன? இது பட்டப்பகலில், நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்த ஆபீஸில், என் கண் முன்னால் நடந்தது.

பத்திரிகையில் வரும் முகங்களைக் கம்ப்யூட்டரில் பளபளப்பாக்குவது என் வேலை. பரு, தழும்பு, கருவளையம் எல்லாவற்றையும் துடைத்துவிடுவேன். ஆனால் சும்மா தேய்த்தால் முகம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடும். அதனால் நல்ல தோல் உள்ள வேறொரு படத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, தழும்பின் மேல் ஒட்டி, நிறத்தைப் பொருத்திவிடுவோம். எனக்கு அந்த நல்ல தோல் வீட்டிலேயே இருந்தது. என் தங்கை. எத்தனையோ அட்டைப்படங்களில் இருப்பது அவள் கன்னம்தான்.

"என்னை உரிச்சு உரிச்சு ஊருக்கே குடுக்கிறியே அக்கா, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்பாள், வாயாடி.

அன்று பகல் ஒரு மணிக்கு, பக்கத்து ஊரில் வேலை இன்டர்வியூ என்று ஸ்கூட்டரில் கிளம்பினாள். நாலு மணிக்கு இன்டர்வியூ. முடிந்ததும் போன் செய்கிறேன் என்றாள்.

எனக்கு அன்று தலைக்கு மேல் வேலை. ஐந்து மணிக்கு அட்டைப்படம் அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு நடன டீச்சரின் முகம். வலது கன்னம் முழுக்கப் பருத் தழும்பு. வழக்கம்போலத் தங்கையின் கன்னத்தை எடுத்து ஒட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது.

2:20. ஒட்டிய இடத்தில் ஒரு கீறல். மெல்லிசாக, சிவப்பாக. பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது என்று நினைத்துத் துடைத்தேன்.

2:34. மறுபடியும் கீறல். பக்கத்தில் நீலமாகக் கன்றிய தடம். ஃபைல் கெட்டுவிட்டதோ என்று மூடித் திறந்தேன். போகவில்லை. துடைத்தேன்.

2:41. ஒரு சிவப்புச் சொட்டு. நான் பார்க்கப் பார்க்க... மெதுவாக... தாடையை நோக்கி இறங்கியது.

அது போட்டோ. போட்டோவில் எதுவும் அசையக் கூடாது.

பத்திரிகை ஆசிரியர் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா இது, ரத்தமா?"

"தெரியல சார். துடைச்சா போகுது. திரும்ப வருது."

"வந்தா திரும்பத் துடை. அஞ்சு மணிக்குப் படம் வேணும்."

துடைத்தேன். வந்தது. துடைத்தேன். நான் விடவில்லை. என் பிடிவாதம் அப்படி.

3:05. கன்னம் சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று எழுந்து தண்ணீர் குடித்தேன்.

3:20. கன்னத்தில் கருப்புப் புள்ளிகள். வரிசையாக. பெரிதாக்கிப் பார்த்தேன்.

எறும்புகள்.

அது யாருடைய கன்னம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தங்கையின் பழைய படத்தைத் திறந்தேன். அதே கன்னம். அதே எறும்புகள்.

போன் செய்தேன். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது.

இன்டர்வியூ நடக்கும் இடத்தைக் கூப்பிட்டேன். "இன்னும் வரலைங்க" என்றார்கள்.

போலீஸைக் கூப்பிட்டேன். "எந்த ரோட்டுல போனாங்க?"

"தெரியாது சார்."

"ஏதாவது ஆச்சுன்னு யார் சொன்னா?"

என்ன சொல்வேன்? படத்தில் எறும்பு ஊர்கிறது என்றா?

எவ்வளவு பெரிதாக்கினாலும் தோல்தான் தெரிந்தது. ரோடு தெரியவில்லை. இடம் தெரியவில்லை. அவள் அங்கே... நான் இங்கே, நாற்காலியில்.

4:02. கன்னத்தின் நிறம் மாறியது.

இருபது வருடமாக நிறம் பார்த்த கண். உயிருள்ள தோல் எது என்று எனக்குத் தெரியும்.

அது இல்லை.

இருட்டுவதற்குள் அவளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஸ்கூட்டரும் உடைந்த ஹெல்மெட்டும் பள்ளத்துக்குள் கிடந்தன. அவள் மட்டும் மேலே தவழ்ந்து வந்து, ரோட்டோர மரத்தில் சாய்ந்திருந்தாள். தலைக்குள் ரத்தக் கசிவு. மூன்றரைக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். ஹெல்மெட் கண்ணாடி அவள் வலது கன்னத்தைக் கிழித்திருக்க வேண்டும், ஒரு கீறல்கூட எப்படி இல்லை என்று அவருக்கும் விளங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு லாரி டிரைவர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மூணு மணி தாண்டி ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்மா, அந்தப் பொண்ண நான் பாத்தேன். மெதுவாக்கூடப் போனேன். வெயில்ல நடந்த அலுப்புல தூங்குதுன்னு நெனச்சுட்டேன். முகம் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. ஒரு சொட்டு ரத்தம் தெரிஞ்சிருந்தாலும் நிறுத்தியிருப்பேன்மா."